பரணிலிருந்த பெட்டி

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோர் பாண்டிருப்பைக் கடந்ததும் மருதமுனையை அடைவர். நெசவாற் பெயர்பெற்ற ஊர் அது. ஒருகாலத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை கேட்ட தறியோசை இன்று முன்போல் இல்லை. அவ்வூரில், பிரதான வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டின் பரணில், முப்பத்தேழு ஆண்டுகளாக ஒரு பெட்டி கிடந்தது. வீட்டார் அதனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘அந்தப் பெட்டி’ என்பர். அவ்வாறு சொல்லும்போது குரல் சற்றே தாழும். கடனைப் பற்றியோ, குடும்பத்தில் நேர்ந்துவிட்ட ஒரு பிழையைப் பற்றியோ பேசும்போது தாழுவது போன்ற தாழ்வு அது.

பெட்டியினுள்ளே இருந்தது ஒரு வீட்டுக் கணனி. அதனைக் கொண்டுவந்தவருக்கு இப்போது அறுபத்தாறு வயது. 1982 இல், இருபத்துநான்காம் வயதில், குவைத்துக்குத் தொழில் தேடிச் சென்றவர் அவர். அக்காலத்தில் இக்கரையோர ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்குச் சென்ற இளைஞர் பலர். அவர்கள் விடுமுறையில் திரும்பும்போது கசெற் வானொலியும், மின்விசிறியும், அத்தர்ப் போத்தலும், மினுங்கும் சேலைகளும் ஊருக்குள் வந்திறங்கின. இவரோ 1987 ஆம் ஆண்டு ஊருக்கு வந்தபோது ஏறத்தாழ மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய ஒரு கணனியைக் கொண்டுவந்தார்.

அப்போது அவருடைய தங்கைக்கு வயது இருபத்தொன்று. இப்பகுதி முஸ்லிம்களின் வழமையை அறியாதார்க்கு ஒன்று கூறவேண்டும். பெண்ணுக்குத் திருமணம் பேசும்போது அவளுக்கென ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். ஆகவே, குமரிருக்கும் வீட்டில் ஆண்மக்களின் உழைப்பெல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறவேண்டியதே முறை. அத்திவாரத்துடன் நின்றுபோயிருந்த ஒரு வீட்டின் முன்னால் அந்தப் பெட்டி வந்திறங்கியது. தாயார் ஒன்றும் பேசவில்லை. அயலார் பேசினார்கள்.

அவர் வாங்கிய கணனியைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. ஏனெனில் அது ஒரு சாதாரணப் பொருளன்று. 1983 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பானின் ஆஸ்கி நிறுவனத்தைச் சேர்ந்த நிஷி கசுஹிக்கோவும் மைக்ரோசொப்ற் நிறுவனமும் இணைந்து எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொதுத் திட்டத்தை அறிவித்தனர். எந்த நிறுவனம் செய்தாலும் ஒன்றன் பேழை மற்றதிற் பொருந்தவேண்டும், ஒன்றன் நிரல் மற்றதில் ஓடவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஐக்கிய அமெரிக்காவில் அது எடுபடவில்லை. ஜப்பான், கொரியா, நெதர்லாந்து, ஸ்பெயின், பிரேசில் ஆகிய நாடுகளில் வேரூன்றியது. அரபு நாடுகளிலும் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. 1982 இல் குவைத்தில் முஹம்மத் அல் ஷாரிக் தொடங்கிய நிறுவனம், யமஹா முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் செய்த எம்.எஸ்.எக்ஸ். பொறிகளுக்கு அறபு எழுத்தைக் கற்பித்து ‘ஸக்ர்’ என்னும் பெயரில் விற்றது. ஸக்ர் என்பதற்குப் பாறை என்று பொருள். அறபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் வடிவம் மாறுவது. ஆங்கிலத்திற்கென வகுக்கப்பட்ட பொறியில் அதனை ஏற்றியது சிறு சாதனையன்று. தம் மொழி கணனியில் ஏறுமோ என்று ஐயுற்றிருந்த ஏனைய மொழியினர் இச்செய்தியை அக்காலத்தில் அதிகம் அறிந்திருக்கவில்லை.

கடைக்காரர் அவரிடம் கூறிய ஒரு சொல்லே அவரை வீழ்த்தியது. ‘இன்றைக்கு இது தனிப் பொறி, நாளைக்குத் தொலைபேசிக் கம்பியூடாக உலகத்திலுள்ள மற்றப் பொறிகளுடன் பேசும்’ என்று அவர் சொன்னாராம். அது பொய்யன்று. 1983 ஜனவரி முதலாந் திகதியே அமெரிக்க ஆய்வு வலையமைப்பு, இன்றைய இணையத்தின் அடிப்படையான நெறிமுறைக்கு மாறிவிட்டது. கடைக்காரர் அதனை அறிந்து சொன்னாரோ, விற்பதற்காகச் சொன்னாரோ, யாரறிவார்? மருதமுனையில் அப்போது தொலைபேசி என்பது அஞ்சலகத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க சில இடங்களிலும் இருந்த பொருள். அவர் ஊரில் தங்கியிருந்த இரண்டு மாதமும் கணனி அயல்வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, அவருடைய பெயரை அறபிலும் ஆங்கிலத்திலும் மாறிமாறி எழுதியது. பிள்ளைகள் கூடிநின்று பார்த்தனர். விடுமுறை முடிந்தது, பெட்டி பரணேறியது.

1990 ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்தினுட் புகுந்தன. அதற்கு மறுநாள், ஆகஸ்ட் 3 ஆம் திகதி, மருதமுனைக்கு வடக்கே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கிருந்து ஊருக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. ஊரிலிருந்து அங்கே அனுப்பவும் வழியில்லை. இரு பக்கத்தாரும் மற்றவர் உயிரோடிருப்பதை அறியாமல் வாரக்கணக்கிற் காத்திருந்தனர். அவர் ஈராக் வழியாக யோர்தானை அடைந்து, அகதிகளோடு அகதியாகக் கூடாரத்திற் கிடந்து, ஒற்றைப் பையுடன் வீடு வந்து சேர்ந்தார். எட்டாண்டு உழைப்பின் மிச்சமெல்லாம் குவைத்திலேயே அழிந்தது. ஊரில் எஞ்சியிருந்தது, முன்பே கொண்டுவந்த அந்தப் பெட்டி ஒன்றுதான்.

விந்தை யாதெனில், இலங்கைக்குரிய ‘எல்.கே.’ என்னும் இணையப் பெயர் பதிவானதும் அதே 1990 ஆம் ஆண்டிலேதான். பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக்கொண்டு கல்வியாளரிடையே மின்னஞ்சல் தொடங்கியதும் அக்காலத்திலேயே. 1995 இல் வணிக இணையச் சேவையும் கொழும்பிற் தொடங்கிற்று. கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்நாளில் மைலால் அளந்து பயனில்லை. சோதனைச் சாவடிகளால் அளக்கவேண்டியிருந்தது.

தங்கையின் திருமணம் 1998 இலேதான் நிறைவேறியது. குவைத்திலிருந்து வெளியேறிய தொழிலாளருக்கு ஐக்கிய நாடுகள் சபையின் நட்ட ஈட்டு ஆணைக்குழு வழங்கிய தொகை வந்த பின்னரே அத்திவாரத்தின்மேற் சுவர் எழுந்தது. அவளுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் தறியில் அமர்ந்து சாரமும் சேலையும் நெய்தாள். கரைவேலையில் அவளுக்கு நிகர் அத்தெருவில் இல்லை என்பர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த கடல் கரையோரமிருந்த தறிக்கொட்டிலை முற்றாக அள்ளிச் சென்றது. வீதியோர வீட்டினுள் நீர் இடுப்பளவு வந்து நின்றது. பரண் நனையவில்லை. தறி போய்ப் பெட்டி தப்பியதைக் கண்டு அவள் சிரித்தாள் என்று சொல்கிறார்கள். அச்சிரிப்பை அவளுடைய தமையனார் மறக்கவில்லை.

பெட்டியை இறக்கியவன் அவளுடைய மகன். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயில்பவன். 2024 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறையில், பரணைத் துப்புரவாக்க ஏறியவன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டான். கீழே இறங்கியதும் அவன் கேட்ட முதற்கேள்வி, “மாமா, இது வேல செய்யுமா?” என்பது. அவர் விடை சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, “இத ரெலிபோன் கம்பில கொழுவலாம் எண்டு அவன் சொன்னான், மகன்” என்றார். முப்பத்தேழு ஆண்டுகளில் அச்சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதன்முறை.

உப்புக் காற்று இக்கரையில் எதனையும் விட்டுவைப்பதில்லை. மின்வழங்கியின் கொள்ளளவிகள் வற்றி வீங்கியிருந்தன. அவற்றை மாற்றாமல் மின்னேற்றினால் பொறி எரிந்துபோகும் என்பதறிந்து, கல்முனையில் வானொலி திருத்தும் ஒருவரிடம் எடுத்துச்சென்றான். பேழை செருகும் வாயிலின் செப்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார்கள். பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சி ஒன்றும் அதே கடையிற் கிடைத்தது. குவைத்தும் இலங்கையும் பால் என்னும் ஒரே வண்ண முறையைப் பின்பற்றியமை நல்லதாயிற்று. ஆளியை அழுத்தியதும் நீலத்திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றின. அன்றிரவு அவர் உறங்கவில்லை. அறுபத்தாறு வயதில் ஒருவர் இருபத்தொன்பது வயதிற் கற்ற கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்குமேல் நினைவிருந்தன.

இணையத்தோடு இணைப்பது எங்ஙனம்? இக்கணனியின் மூளை இசற் எண்பது என்னும் சில்லு. நொடிக்கு ஏறத்தாழ முப்பத்தாறு இலட்சம் துடிப்பு. நினைவகமோ அறுபத்துநான்கு கிலோபைற்று. இன்றைய கைப்பேசி எடுக்கும் மூன்று மெகாபைற்று அளவுள்ள ஒரு புகைப்படத்தை வைக்க இத்தகைய கணனிகள் நாற்பத்தெட்டு வேண்டும். அன்றியும், இன்றைய இணையப் பக்கங்கள் பெரும்பாலும் மறைகுறியாக்கப்பட்டு வருகின்றன. அப்பூட்டைத் திறக்குங் கணக்கை இப்பொறி செய்துமுடிப்பதற்குள் அப்பால் நிற்பவர் கதவை அடைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆயினும் வழியொன்றுண்டு. எம்.எஸ்.எக்ஸ். மீது பற்றுடையோர் ஐரோப்பாவில் இன்றும் அதற்கான பேழைகளைக் கையாற் செய்து விற்கின்றனர். அத்தகைய தொடர்புப் பேழை ஒன்று சில வாரங்களில் தபாலில் வந்தது. அதனுள் இருப்பது 2014 அளவிற் சந்தைக்கு வந்த, சீனாவின் ஷங்ஹாய் நகர நிறுவனமொன்று செய்த, விரல்நுனி அளவான கம்பியில்லா இணைப்புச் சில்லு. அச்சில்லு ஒரு நாடகம் ஆடுகிறது. வீட்டின் கம்பியில்லா வலையில் தான் சேர்ந்துகொண்டு, கணனியைப் பார்த்து, ‘நான் 1981 ஆம் ஆண்டுத் தொலைபேசி மோடம்’ என்று சொல்கிறது. கணனியும் அதனை நம்பி, ஹேஸ் என்னும் நிறுவனம் அவ்வாண்டில் வகுத்த கட்டளைகளைக் கொண்டே அதனை ஏவுகிறது. தொலைபேசி எண் சொல்லவேண்டிய இடத்தில் இணைய முகவரியைச் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அப்பணியாளின் துடிப்பு வேகம் எசமானின் வேகத்தைப்போல் இருபத்திரண்டு மடங்கு. பழங்கணனி இணையத்திற் சேர்ந்துவிட்டது என்று சொல்வதிலும், வாசலில் நிற்கும் வலிய ஏவலாள் வெளியுலகச் செய்தியைச் சிறிது சிறிதாக ஊட்டிவிடுகிறான் என்பதே பொருந்தும். பூட்டுத் திறக்கும் வேலையை மருமகனின் மடிக்கணனி இடையில் நின்று செய்தது.

முதல்நாள் இணைப்பு இரண்டு முறை அறுந்தது. 1969 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் இரு கணனிகளுக்கிடையே அனுப்பப்பட்ட முதற்சொல்லும் இரண்டு எழுத்தோடு அறுந்துபோனதை மருமகன் சொல்லித் தேற்றினான். மூன்றாம் முறை நின்றது. வேகத்தை நொடிக்கு நூற்றிருபது எழுத்தாக வைத்திருந்தார்கள். நாற்பது எழுத்து அகலமும் இருபத்துநான்கு வரியுமுள்ள திரை நிறைய எட்டு நொடி சென்றது. கண்ணுக்கு முன்னால் வரி வரியாக இறங்கும் எழுத்தை வாசிக்க முடிந்தது. ஆங்கிலம் சரியாக வந்தது. பின்னர் அவர் தம் ஊர்ப்பெயரைத் தமிழிற் கேட்டார். ‘மருதமுனை’ என்னும் சொல் யுனிகோட் முறையில் எட்டுக் குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைற்றாகப் பயணஞ் செய்வது. ஆகவே திரையில் பொருளற்ற இருபத்துநான்கு குறிகள் சிதறி விழுந்தன. அவர் முகம் வாடியது. இத்தனை பாடுபட்டு இணைத்தும், அந்தப் பொறி ஊரின் பெயரைச் சொல்லவில்லை.

அப்போதுதான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கை வாய்திறந்தாள்.

“காக்கா, இது அறபு எழுதுமெல்லோ? அப்ப அறபுத்தமிழ் எழுதாதா?”

அறபுத்தமிழ் என்பது அறபு எழுத்தில் தமிழை எழுதும் முறை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் பல தலைமுறையாக மார்க்க நூல்களையும் பாடல்களையும் கடிதங்களையும் அம்முறையில் எழுதினர். தமிழ்ப் பள்ளிக்கூடம் காணாத பெண்கள் பலர் அதன்வழியே எழுத்தறிவு பெற்றனர் என்பதைத் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஓரிரு வரியிற் கடந்துவிடுகின்றனர், அது நியாயமன்று. தங்கை அதனைத் தன் தாயாரிடங் கற்றவள். தாயார் குவைத்துக்கு எழுதிய கடிதங்களெல்லாம் அறபுத்தமிழிலேயே சென்றன.

இடர் ஒன்றிருந்தது. ட, ண, ள, ழ, ங, ஞ, ப போன்ற ஒலிகள் அறபில் இல்லை. அறபுத்தமிழார் அறபெழுத்துகளுக்குப் புள்ளியும் பிறவும் சேர்த்து அவ்வொலிகளுக்கு எழுத்துப் படைத்துக்கொண்டனர். எகர ஒகரங்களுக்கும் தனிக்குறி வகுத்தனர். ஸக்ர் பொறி அவற்றை அறியாது. எனினும் எம்.எஸ்.எக்ஸ். கணனியில் எழுத்து வடிவங்கள் கல்லிற் பொறித்தவையல்ல. ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டு, அறுபத்துநான்கு கட்டங்கள். ஒரு வரி ஓர் எண். எட்டு எண் கொடுத்தால் ஓர் எழுத்து. பயனாளர் விரும்பியபடி மாற்றலாம்.

எட்டுக்கு எட்டுக் கட்டம் என்றதும் அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கரைவேலைக்குக் கட்டத்தாளிற் புள்ளியிட்டு, எந்த இழை மேல், எந்த இழை கீழ் என்று கணக்கிட்ட கை அது. பழைய கட்டத்தாளை எடுத்து வந்தாள். பென்சிலால் கட்டங்களைக் கறுப்பாக்கினாள். தமையனார் பக்கத்தில் அமர்ந்து, 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று நிரைக்கு நிரை கூட்டினார். நடுவிரு கட்டம் மட்டும் கறுத்திருந்தால் இருபத்துநான்கு. மருமகன் அவ்வெண்களைப் பொறிக்குக் கொடுத்தான். ‘ழ’ வுக்குரிய எழுத்து ஐந்து முறை திருத்தப்பட்டது. உயிர்க்குறிகளை எங்கே வைப்பது என்பது பெருஞ்சிக்கலாயிற்று. எட்டுக் கட்டத்தினுள் எழுத்துக்கே இடம் போதவில்லை. அவளே வழி சொன்னாள். திரையில் ஓர் அடிக்கு மூன்று வரி எடுத்துக்கொண்டு, நடுவரியில் எழுத்தும் மேல்வரியிலும் கீழ்வரியிலும் குறிகளும் வைத்தால் என்ன? இருபத்துநான்கு வரித் திரையில் எட்டு அடிதான் வரும், வரட்டும். ஒரு கடிதத்துக்கு எட்டு அடி போதும் என்றாள்.

நான்கு இரவுகள் அவ்வேலை நடந்தது. மூன்றாம் இரவு, பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது, தமையனார் திடீரென்று அந்தப் பெட்டியின் விலையைச் சொன்னார். கேட்காமலே சொன்னார். இருநூறு பை சீமெந்தின் காசு என்றும் கணக்கிட்டுச் சொன்னார்.

“தெரியும் காக்கா. உம்மா அப்பவே சொன்னா” என்றாள் அவள். பிறகு, “இந்த நிரையில ஒரு புள்ளி கூடிப் போச்சு, பாருங்க” என்று தாளைத் திருப்பினாள்.

அவளுடைய மூத்தமகள் கணவனுடன் கத்தார் நாட்டிலிருக்கிறாள். கடிதம் அவளுக்கே எழுதப்பட்டது. தாய் சொல்லச் சொல்லத் தமையனார் விசையை அழுத்தினார். கண் தெளிவில்லாமையால் இரண்டிடத்திற் பிழைபட்டது. மருமகனின் மடிக்கணனி, பொறியின் குறிகளை யுனிகோட் அறபெழுத்துகளாக மாற்றி, மகளின் கைப்பேசிக்கு அனுப்பியது. வீட்டிலிருந்து தோஹாவுக்குச் செல்ல நொடிப்பொழுதுதான். ஆனால் கைப்பேசி நெடுநேரம் மௌனமாயிருந்தது.

மகள் அறபுத்தமிழ் கற்றவளல்லள். அவள் தலைமுறையில் அதனைக் கற்றவர் அரியர். ஆனால் அல்குர்ஆன் ஓதத் தெரிந்தவள். அரைமணி நேரத்தின் பின் அவளிடமிருந்து ஒரு குரற்பதிவு வந்தது. ஓதற்பள்ளிப் பிள்ளையைப்போல எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒலிக்கிறாள். முதலில் எந்த மொழியென்றே விளங்காத ஒலிகள். ஓரிடத்தில் நிற்கிறாள். மீண்டும் முதலிலிருந்து சற்று வேகமாகக் கூட்டுகிறாள். “ம...க...ள்... மகள்... காக்காட... பெட்டில... இருந்து...” என்று வந்ததும், “உம்மா! இது தமிழ்!” என்று கத்துகிறாள். அதன்மேல் சிரிப்பும் அழுகையும் கலந்து கேட்டமையால் மீதியை எவரும் விளங்கிக்கொள்ளவில்லை.

பதிவை மூன்றுமுறை ஓடவிட்டார்கள். தமையனார் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகங்கழுவிக்கொண்டு வந்தார். அவர் திரும்பியபோது தங்கை அலுமாரியிலிருந்து, தான் முன்பு நெய்து விற்காமல் வைத்திருந்த சாரத்துண்டு ஒன்றை எடுத்துக் கணனியின் நீள அகலத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தாள்.

“இனி மேல ஏத்தாதீங்க. உப்புக் காத்து படாம உறை ஒண்டு தைச்சுத் தாறன்” என்றாள்.